குடாப்புக்குள்ள வந்த குட்டி

ஒரு ஊர்ல ஒரு மாராயி இருந்தா. ஊருன்னா நம்மூராட்டம் பஸ் வர்ற ஊரில்ல, மலையடிவாரம். வீட்டுக்குப் பின்னால ஒரு எட்டு வச்சா காடு. 'ம்' கொட்டு கண்ணு, இல்லாட்டி அத்தை சொவத்துக்கா கதை சொல்றேன்? ம், அப்படி.

அவகிட்ட வெள்ளாடுங்க இருந்துச்சு. தாயாடுங்க பட்டிக்குள்ள நிக்கும். பொடிக் குட்டிங்களை மட்டும் வாசல்ல குடாப்பு போட்டு மூடி வைப்பா. குடாப்புன்னா பெரிய மூங்கில் கூடை. கவுத்து, மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சிட்டா நரி வந்தாலும் அசைக்க முடியாது. அந்தக் குட்டிங்கதான் அவளுக்குச் சோறும் சீலையும்.

ஒருநா பொழுது சாயுற நேரம், காட்டோரம் வெளையாடின குட்டிங்க திங்கு திங்குனு குதிச்சுக்கிட்டு வீடு வந்துச்சு. மாராயிக்கு அடுப்புல சோறு பொங்குது. அவசரத்துல பாக்காம கொள்ளாம ஒவ்வொண்ணாப் புடிச்சு உள்ள தள்ளினா. ஒண்ணு மட்டும் மெத்துமெத்துனு இருந்துச்சு, 'மே'ங்கவும் இல்ல. "சளி புடிச்சிருக்கும் போல"ன்னு அதையும் தள்ளி, கல்லை வச்சிட்டுப் போயிட்டா.

அப்புறம், சோத்தை வடிச்சிட்டுத் திரும்பிப் பாக்கறா, குடாப்புக்குப் பக்கத்துல ஒரு சிறுத்தை. உர்ர்ர். மாராயி பட்டுனு கதவைச் சாத்திட்டா.

ஜன்னல் வழியா தட்டை எடுத்துத் தட்டினா, டங் டங் டங். சிறுத்தை காதை மட்டும் ஆட்டுச்சு. அப்புறம் கரண்டியில நெருப்பை அள்ளி, வரமிளகாயைப் போட்டு நீட்டினா. அது ஹச். இவ ஹச்சு. ரெண்டு பேருக்கும் மூக்கு ஒழுகுனதுதான் மிச்சம். என் குட்டிங்க போச்சேன்னு மாராயி அழுதுட்டா.

அப்போ குடாப்புக்குள்ள இருந்து ஒரு சத்தம், 'ம்யாங்'. ஆட்டுக்குட்டி அப்படிக் கத்துமா? கத்தாதில்ல? ம். வெளிய இருந்த சிறுத்தை பதிலுக்கு முனகுச்சு. மாராயிக்கு வெளங்கிருச்சு. வெளையாட்டு ருசியில சிறுத்தைக் குட்டியும் ஆட்டுக்குட்டிங்களோட சேந்து வீட்டுக்கு வந்திருக்குது.

"ஏனாத்தா, புள்ளையத் தொலைச்சுப்போட்டு என் வாசல்ல வந்து உறுமறியா? தள்ளி நில்லு"ன்னு திட்டிக்கிட்டே, தழை ஒடிக்கிற தொரட்டியை ஜன்னல் வழியா நீட்டினா. கல்லைத் தள்ளினா, கடகடகட. கொக்கியை மாட்டிக் குடாப்பைத் தூக்கினா. அவ்வளவுதான், குட்டிங்க 'மே மே'ன்னு பட்டியை அடைச்சிருந்த படல் சந்துல பூந்து தாய்கிட்ட ஓடுச்சு. சிறுத்தைக் குட்டியும் பின்னாலயே ஓடி, ஒரு வெள்ளாட்டு மடியில வாயை வச்சிருச்சு.

சிரிக்காத, கேளு. அந்த ஆடு குனிஞ்சு மோந்து பாத்துச்சு. விட்டுச்சு பாரு ஒரு உதை, பொத்! குட்டி உருண்டு உருண்டு அதோட அம்மா காலடியில வந்து விழுந்துச்சு. பெத்தவளாச்சே, கொஞ்சும்னு பாத்தா, அதுவும் வச்சுது ஒண்ணு, பொளேர். அப்புறந்தான் நக்கிக் குடுத்து, கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கிட்டு நடந்துச்சு. ஆட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

மாராயி வெளிய வந்து, குட்டிங்களை ஒண்ணொண்ணா மடியில போட்டுத் தடவிப் பாத்தா. எல்லாம் ஆடுதான். அப்பாடான்னு அவளுக்கு உசுரு வந்துச்சு. அப்புறம் காட்டைப் பாத்துக் கத்தினா:

"ஏ ஆத்தா, நாளைக்கும் அவன் வெளையாட வரட்டும். வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போயிரு."

அவ்வளவுதான், கதை காட்டுக்குள்ள போயிருச்சு. நீ போர்வைக்குள்ள போ.