நாமக்கோழி எடை குறைத்த கதை

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி ஒன்று இருந்தது. இந்தக் கரையில் புல்வெளி, அந்தக் கரையில் பழமரங்கள். சுற்றிப் போனால் நான்கு நாள் நடக்க வேண்டும். அதனால் நான்கு கூழைக்கடாக்கள் ஒரு பெரிய பிரம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு தினமும் ஏரியைக் கடந்தன. கூடையின் நான்கு மூலையிலும் கயிறு போல ஒரு காட்டுக்கொடி கட்டியிருக்கும். ஆளுக்கொரு கொடியை அலகில் கவ்விக்கொண்டு பறக்கும். முயல், அணில், பெருச்சாளி என்று இறக்கை இல்லாத எல்லோருக்கும் அந்தக் கூடைதான் வாகனம்.

தூக்கியது கூழைக்கடாக்கள். ஆனால் எல்லோரும் அதைப் "பூநாரை ஐயாவின் கூடை" என்றே சொன்னார்கள். பூநாரைதான் முதலாளி. ஒல்லியான கால், வளைந்த கழுத்து, உடம்பெல்லாம் ரோஜா நிறம். தண்ணீரில் தன் நிழலைப் பார்க்காமல் அது எந்த முடிவும் எடுத்ததில்லை.

ஒருநாள் காலை மைனா ஒன்று மரத்துக்கு மரம் பறந்து கூவியது.

"பறக்கும் கூடையில் பயணிகளைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர் தேவை! சம்பளம், தினமும் மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பாடு! தோற்றம் முக்கியம்!"

கோரைப்புல் நடுவே கூடு கட்டியிருந்த மருதி என்ற நாமக்கோழி இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தது. மருதிக்குக் கரிய உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம், கொழுகொழுவென்ற வயிறு. அந்தப் பக்கத்தில் அதைப் போல மூழ்கி நீந்த யாரும் கிடையாது. ஆனால் பறப்பதென்றால் தண்ணீர்மேல் தபதபவென்று வெகுதூரம் ஓடித்தான் எழும்ப வேண்டும். அப்படி எழும்பினாலும் பனைமர உயரத்தைத் தாண்டியதில்லை. தினமும் தலைக்கு மேலே கூடை போகும்போதெல்லாம், 'அங்கிருந்து பார்த்தால் நம் ஏரி எப்படி இருக்கும்?' என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கும்.

"அக்கா, நான் அந்த வேலைக்குப் போறேன்!" என்றது.

"போயேன். உன்னைவிட்டா அவங்களுக்கு வேற யாரு கிடைக்கப் போறாங்க?" என்றது அக்கா பூவாள்.

தேர்வு நாளன்று ஏரிக்கரையில் நீண்ட வரிசை. மருதி பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தது. யாராவது தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, குட்டிகள் பயந்து அழுதால் எப்படிச் சமாதானப்படுத்துவது, எல்லாம்.

பூநாரை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"திரும்பு. ம்... இந்தப் பக்கம் திரும்பு. அலகைத் திறக்காம சிரி."

மருதி சிரித்துப் பார்த்தது.

"ஐயா, எனக்கு நல்லா நீச்சல் தெரியும்."

"நீச்சலா? இது பறக்கிற கூடை அம்மா! தண்ணியில நமக்கு என்ன வேலை? போய் அந்தக் கிளையில உட்காரு."

அங்கே ஒரு முருங்கை மரம். தாழ்வாக நீட்டிக்கொண்டிருந்தது சுண்டுவிரல் கனமுள்ள ஒரு கிளை. நூறு எண்ணும்வரை அது முறியாமல் உட்கார வேண்டும், அதுதான் தேர்வு. மருதிக்கு முன்னால் வந்த செங்காலி என்ற நெடுங்கால் உள்ளான் பறவை உட்கார்ந்தபோது கிளை அசையவே இல்லை. மருதி உட்கார்ந்தது. மைனா, "ஒன்று, இரண்டு..." என்றது. மூன்று என்பதற்குள் மடக்!

கரையெல்லாம் ஒரே சிரிப்பு.

"பதினைஞ்சு நாள் தர்றேன். குறைச்சுட்டு வா," என்றது பூநாரை. "முகம் மோசமில்ல. உடம்புதான்."

அன்றிரவு மருதிக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தது. மறுநாளிலிருந்து, தினமும் ஏரியடியில் மூழ்கித் தின்னும் வேலம்பாசியைத் தொடவில்லை. காலையில் புல்நுனிப் பனித்துளி, மாலையில் பாதி நத்தை. அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கரையோரம் ஓட்டம்.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. "வெயில்ல நில்லு, கொழுப்பு உருகும்," என்றது கொக்கு. "வாலைக் கீழே இறக்கி நட, ஒல்லியாத் தெரிவே," என்றது மீன்கொத்தி. ஒரு வாரத்துக்கு முன்பு "லட்சணமா இருக்கே" என்று சொன்னவர்களே இப்போது, "அட, இப்பத்தான் லட்சணமா இருக்கே!" என்றார்கள்.

பூவாள் மட்டும் சொன்னது: "உன் நெஞ்செலும்பு தெரியுதுடி."

"தெரியட்டும் அக்கா. அதுதானே வேணும்?"

"நேத்து நீ மூழ்கினப்போ பாதியிலேயே மேல வந்துட்டே. நான் பார்த்தேன்."

மருதி மறுபடியும் ஓடப் போய்விட்டது.

பதினைந்தாம் நாள் முருங்கைக் கிளை வளைந்தது; முறியவில்லை. மைனா நூறு எண்ணி முடித்தது. மருதிக்கு வேலை கிடைத்துவிட்டது!

முதல் பயணத்தில் கூடை மேலே எழுந்தபோது மருதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால், கீழே ஏரி முழுவதும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. தன் கோரைப்புல் கூடு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பட்ட பாடெல்லாம் அந்த ஒரு கணத்தில் மறந்துபோயிற்று.

மதியம் சம்பளச் சாப்பாடு வந்தது. குவியல் குவியலாகத் தளிரும் நத்தையும்! மருதி ஆசையாக அலகை நீட்டியது. முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்த செங்காலி இறக்கையால் தடுத்தது.

"சாப்பிட்டுடாதே! வாராவாரம் கிளையில உட்கார வைப்பாங்க."

"அப்போ இந்தச் சாப்பாடு?"

"பார்க்கறதுக்கு."

"நீ பிறவியிலேயே ஒல்லிதானே? நீ சாப்பிடலாமே!"

செங்காலி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னது. "என் முழங்கால் தடிமனா இருக்காம். நானும் மூணு நாளாப் பட்டினி."

இருவரும் தளிரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பும்போது அந்தக் கரையில் கூழைக்கடாக்கள் தாமரை இலையில் கட்டிய ஈரமூட்டை ஒன்றை உருட்டி வந்து கூடையில் ஏற்றின. மூச்சு வாங்கியது அவற்றுக்கு.

"அண்ணே, அது என்ன மூட்டை?" என்று கேட்டது மருதி.

மூத்த கூழைக்கடா சொன்னது: "கூனி இறாலு. அந்தப் பக்கத்து உவர்நீர்க் குட்டையில பிடிச்சது. முதலாளிக்கு."

"இவ்வளவுமா?"

"அதைத் தின்னாத்தான் அவருக்கு அந்த ரோஜா நிறம் வரும். இல்லேன்னா வெள்ளையா வெளுத்துப் போயிருவாரு."

"என்ன கனம் இருக்கும்?"

கூழைக்கடா மருதியை மேலும் கீழும் பார்த்தது. "இப்ப நீ இருக்கிற நிலைமையில, உன்னை மாதிரி ஆறு பேரு."

மருதிக்குச் சுருக்கென்றது. தான் பதினைந்து நாள் பட்டினி கிடந்து ஒதுக்கிக்கொடுத்த இடத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்தது. ஆனாலும் அது வாய் திறக்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த வேலையாயிற்றே!

அடுத்த வாரம் பூநாரை மறுபடியும் சுற்றி வந்து பார்த்தது. "இன்னும் ஒரு பிடி குறைச்சா அருமையா இருப்பே," என்றது. அடுத்த மூட்டை ஒரு பிடி பெரிதாக வந்தது.

மூன்றாம் வாரம் ஒருநாள் கூடையில் ஒரு தாய் முயலும் அதன் குட்டியும் ஒரு பெரிய பெருச்சாளியும் வந்தார்கள். வழக்கம்போல ஈரமூட்டையும் வந்தது. நடு ஏரிக்கு வந்தபோது மேற்கிலிருந்து திடீரென்று காற்று அடித்தது. கூடை ஆடியது. மூட்டை வழுக்கி ஒரு மூலைக்கு ஓடியது. அந்த மூலையைத் தூக்கிய கூழைக்கடாவின் கழுத்து கீழே இழுபட்டது. கூடை அப்படியே சாய்ந்தது.

"அம்மா!" என்ற சத்தம் மட்டும் கேட்டது. முயல்குட்டி கூடைக்கு வெளியே போய்விட்டது.

மருதி யோசிக்கவே இல்லை. பின்னாலேயே குதித்தது.

தண்ணீரில் விழுந்ததும் குட்டியின் பிடரியைக் கவ்வி முதுகில் ஏற்றிக்கொண்டது. இதெல்லாம் அதற்குப் பழக்கமான வேலை. ஆனால் பத்து உதை உதைப்பதற்குள் கால் ஓய்ந்துபோயிற்று. இறகெல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. கண் இருட்டியது. ஒருமுறை மூழ்கி எழுந்தது. இரண்டாவது முறை மூழ்கும்போது, குட்டியின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கழுத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டது.

மேலே செங்காலி கத்தியது. "பெருச்சாளி அண்ணே! மூட்டையைத் தள்ளுங்க!"

"ஐயோ, அது முதலாளியோடது!"

"தள்ளுங்கன்னா!"

இருவரும் சேர்ந்து முட்டித் தள்ளினார்கள். மூட்டை தொபுக்கென்று ஏரியில் விழுந்தது. கூடை நிமிர்ந்தது. கூழைக்கடாக்கள் மெல்லக் கரைக்குக் கொண்டுபோய் இறக்கின.

கோரைப்புல்லிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த பூவாள் அதற்குள் பாய்ந்து வந்துவிட்டது. அதன் பின்னால் முருங்கைக் கிளையில் தோற்றுப்போன தாராக்களும் நீர்க்கோழிகளும் வந்தன. ஒரு தாரா குட்டியை வாங்கிக்கொண்டது. பூவாள் மருதியின் அடியில் புகுந்து முட்டுக்கொடுத்துத் தூக்கியது. இருவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

தாய் முயல் குட்டியை நக்கிக்கொண்டே மருதியின் பக்கத்தில் உட்கார்ந்து விம்மியது. பூநாரை நீண்ட கால்களை வீசி ஓடிவந்தது.

"மூட்டை எங்கே?" என்று கேட்டது.

எல்லோரும் அதை முறைத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் அது சுற்றிலும் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டது.

"ஐயோ பாவம்! குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே? எல்லாம் இந்த நாமக்கோழியோட கனத்தால வந்த வினை. அன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான். நாளையிலிருந்து முருங்கைக் கிளை கிடையாது. அவரைக்கொடியிலதான் தேர்வு!"

மருதி சேற்றில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மெல்லத் தலையைத் தூக்கியது.

"ஐயா, என் கனத்தால கூடை சாயல. கனம் இல்லாததாலதான் என்னால நீந்த முடியல."

"நானும் ஒண்ணு கேட்கிறேன்," என்றது பெருச்சாளி. "நான் இவளை மாதிரி மூணு பங்கு இருப்பேன். என்னை ஒருநாளும் கிளையில உட்காரச் சொல்லலையே?"

"நீங்க பயணி! உங்களைப் போய் அப்படிக் கேட்கலாமா?" என்றது பூநாரை பணிவாக.

மூத்த கூழைக்கடா தன் கொடியைக் கீழே போட்டது. "தூக்கறது நாங்க. யாரு கனம், எது கனம்னு எங்க கழுத்துக்குத் தெரியும். எங்களை ஒருநாளாவது கேட்டீங்களா? இனிமே கூனி வேணும்னா நீங்களே பறந்துபோய்ப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கும் இறக்கை இருக்கே!"

மற்ற மூன்றும் கொடியைப் போட்டன. கொடி இல்லாமல் கூடை ஏது? கூடை இல்லாமல் முதலாளி ஏது? பூநாரை அன்று மாலையே உவர்நீர்க் குட்டைப் பக்கம் குடிபோனது. அங்கே போய், "உடம்பைக் கச்சிதமா வைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்," என்று சொல்லிக்கொண்டதாம்.

கூடையைக் கூழைக்கடாக்களே நடத்த ஆரம்பித்தன. பெருச்சாளியை நடுவில் உட்கார வைத்தார்கள். பாரம் ஏற்றுவதையும் சரிபார்ப்பதையும் செங்காலியிடம் கொடுத்தார்கள். மூட்டையைத் தள்ளச் சொன்னது அதுதானே! பயணிகளைக் கவனிக்கும் வேலைக்குப் புதுத் தேர்வு வைத்தார்கள். ஈர வைக்கோல் கட்டு ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு கோரைப்புல்வரை நீந்திப் போய்த் திரும்ப வேண்டும்.

முதல் ஆளாக மருதி வந்தது. பாதி தூரம்கூடப் போக முடியவில்லை. வைக்கோல் கட்டோடு திரும்பி வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"இந்தத் தடவையும் தோத்துட்டேனா அண்ணே?"

"ஆமா," என்றது மூத்த கூழைக்கடா.

"காரணம்?"

"எடை பத்தலை. போய் நல்லாச் சாப்பிட்டுட்டு வா தாயி. உன் இடத்துக்கு வேற ஆளைப் போட மாட்டோம்."

மருதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பூவாள் மூழ்கி மூழ்கி வேலம்பாசியைக் கொண்டுவந்து குவித்தது. முதல் வாய் தொண்டையில் இறங்கவே கஷ்டமாக இருந்தது. தின்னத் தின்ன ஏதோ தப்புச் செய்வது போலவே இருந்தது. அந்தப் பயம் போகவே பத்து நாள் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து மருதி வைக்கோல் கட்டோடு இரண்டு முறை போய்த் திரும்பியது. தாராக்கள் கைதட்டாத குறையாக இறக்கை அடித்தன.

மறுநாள் காலை கூடை புறப்பட்டபோது முயல்குட்டி தாயிடம் போகாமல் மருதியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கரையில் நின்ற கொக்கு மீன்கொத்தியிடம் கிசுகிசுத்தது. "பார்த்தியா, கொஞ்சம் சதை போட்டுட்டா இல்ல?"

கூடை அதற்குள் மேலே போய்விட்டது.

வேலைக்கு என்ன பலம் வேண்டும் என்று கேட்காமல் உடம்பை மட்டும் நிறுத்துப் பார்ப்பவர்களிடம், ஆபத்து வரும் நாளில் அழகு மிஞ்சியிருக்கும், காப்பாற்ற ஆள் இருக்காது.