செம்பிக்குத் துரை என்ன முறை

"பரிசு வாங்குன காளையை வண்டியேத்தி அனுப்பிட்டு, எவனோ வளர்த்த முரட்டு மாட்டை இறக்கிக்கிறவங்களை எல்லாம் என்னன்னு சொல்றது?"

இதைச் சுபத்ரா காலையில் பால் கறக்கும்போது மாட்டிடம் சொன்னாள். அப்புறம் போனில் கணவரிடம் சொன்னாள். அவர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். மாடாவது கடைசிவரை கேட்டது. மிச்சமிருந்தது சம்பந்தப்பட்ட ஆள் ஒருவர்தான். இரண்டு பக்கமும் முள்வேலி நெருக்கும் இட்டேரியில் விறுவிறுவென்று நடந்துபோய், அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

மயிலாத்தாள் டீச்சர் வாளியில் பிண்ணாக்கைக் கரைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

"பரிசு வாங்குன காளையை வண்டியேத்தி அனுப்பிட்டு, எவனோ வளர்த்த முரட்டு மாட்டை இறக்கிக்கிறவங்களை எல்லாம் என்னன்னு சொல்றது," என்று ஓரெழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கே அம்முணி. அப்புறம்?"

சாம்பக்காட்டூர் மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைப் பாடம் எடுப்பவர் மயிலாத்தாள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கொறங்காடு. சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே புல்லும் வெள்வேல மரமுமாய் விட்டு வைத்திருக்கும் மேய்ச்சல் நிலத்தைக் காங்கேயம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதில் அவருடைய மாடுகள். அவற்றுக்கு நடுவே துரை என்கிற பொலிகாளை. ஊர் மாடுகள் எல்லாவற்றுக்கும் அவன்தான் மாப்பிள்ளை.

சுபத்ரா கோயம்புத்தூர் கான்வென்ட்டில் படித்தவள். மாமனார் விட்டுப்போன பக்கத்துக் கொறங்காட்டை விற்றே தீருவேன் என்று நின்ற கணவரிடம் சண்டை போட்டு அதைக் காப்பாற்றியவள்.

"மாடு வளர்க்கத் தெரியுமா உனக்கு?" என்று அவர் கேட்டார்.

"உங்களை மேய்க்கத் தெரிஞ்சுக்கிட்டா கழுத்தை நீட்டினேன்?" என்றாள்.

மறுநாளே டீச்சரிடம் வந்து நின்றுவிட்டாள். டீச்சர் அவளைவிட இரண்டு வயது இளையவர். அதெல்லாம் அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து டீச்சர் மாட்டை உள்ளே விட்டால் இவளும் விடுவாள். டீச்சர் மேய்ச்சலை நிறுத்திப் புல்லை ஆறப்போட்டால் இவளும் போடுவாள். டீச்சரும் துரையும் இருக்கும்வரை காடு தன் கையில் நிற்கும், ஒருவர் நகர்ந்தாலும் கணவர் புரோக்கரோடு வாசலில் வந்து நிற்பார் என்பது அவள் கணக்கு. இன்றைக்குத் துரை நகரப்போகிறான். பின்னே கத்தாமல் என்ன செய்வாள்?

"என் கிடாரி செம்பி இந்த வாரம் பருவத்துக்கு வந்துருவா டீச்சர். துரைக்குச் சேர்த்தா துரையை உரிச்சு வச்ச மாதிரி ஒரு கன்னு விழும். அதைத் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தையில நிறுத்திட்டேன்னா எங்க வீட்டுக்காரர் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டார். ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?"

"செம்பிக்குத் துரை என்ன முறை?"

"என்னது?"

"முறை அம்முணி. மாமனா, மச்சானா, சித்தப்பனா?"

சுபத்ரா கிளுவை வேலியைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"அப்பன்," என்றாள்.

டீச்சர் வாளியை எடுத்துக்கொண்டு போய்த் துரையின் முன்னால் வைத்தார்.

"மாட்டுக்கு ஏது டீச்சர் முறை?"

"அதுக்குத் தெரியாது. அதனாலதான் நாம தெரிஞ்சு வச்சிருக்கோம்."

"நல்ல ரத்தம் வெளியில போகக் கூடாதுன்னு சொன்னேன்."

"நல்ல ரத்தம்தான். ஊர்ல இருக்கிற கிடாரி எல்லாம் இப்ப அவன் மகளுங்க. இனி அவனுக்கு இங்க என்ன வேலை?"

அப்போது இட்டேரி முனையில் ஹாரன் கேட்டது.

தெற்கே மாடு வளர்க்கும் நல்லமுத்து, துரையை ஏற்றிக்கொண்டு போக மாற்றுக் காளையோடு வந்துவிட்டார். பிக்கப் வண்டி பின்னோக்கி வந்து மண்மேட்டில் ஒட்டி நின்றது. உள்ளே கழுத்தும் திமிலும் கருத்த ஒரு காரிக்காளை. கொம்பு இரண்டும் வானத்தோடு வழக்குப் பேசின.

"பயப்படாதீங்க டீச்சர். பச்சைக் குழந்தை மாதிரிங்க," என்று நல்லமுத்து பின்கதவைத் திறந்தார்.

பச்சைக் குழந்தை ஒரே தாவு. கயிறு அறுந்தது. வாளி ஒரு பக்கம், பிண்ணாக்கு ஒரு பக்கம். நல்லமுத்து எப்படி வெள்வேல மரத்தில் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அது முள்மரம் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. டீச்சர் மட்டும் அசையாமல் இரண்டு கையையும் விரித்து, "ஹோ, ஹோ" என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே நின்றார். எத்தனையோ காளைகள் அந்தக் குரலுக்கு நின்றிருக்கின்றன. காரி அவரைச் சுற்றிக்கொண்டு, புழுதி பறக்க இட்டேரிக்குள் பாய்ந்தது.

இட்டேரி போய் முட்டுவது தார் ரோட்டில். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பஸ்ஸும் மொபெட்டும் தக்காளிக் கூடையுமாய் ஊரே அங்கேதான் நிற்கும்.

சுபத்ரா சேலையை இழுத்துச் செருகினாள். வேலிச் சந்தில் நுழைந்து, தன் காட்டைக் குறுக்கே வெட்டி ஓடினாள். முள் கையைக் கீறியது, செருப்பு ஒன்று போன இடம் தெரியவில்லை. ஆனாலும் அவள் ஓடிய ஓட்டத்தில் ஏதோ ஒரு குஷி இருந்தது. கான்வென்ட் விளையாட்டு விழாவுக்குப் பிறகு அப்படி ஓடினதில்லை. அவள் காட்டு வாசலின் படல் இட்டேரியில், தார் ரோட்டுக்குச் சற்று முன்னால் இருந்தது. மூங்கிலும் முள்ளும் கட்டிய அந்தப் படலை எட்டிப் பிடித்தபோது, காரியின் குளம்புச் சத்தம் வளைவில் கேட்டது.

மாடு மிரண்டால் முதலில் படலைச் சாத்து. டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதன்படி படல் சாத்தித்தான் இருந்தது.

பின்னால் செம்பி அடித்தொண்டையில் கத்தினாள்.

சுபத்ரா படலை அகலத் திறந்தாள். செம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வாசலுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவ்வளவு வேகத்தில் வந்த காரி நான்கு காலையும் ஊன்றி நின்றது. மூக்கை உயர்த்தியது. பெண் பார்க்க வந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைப்பவன் போல ஒரு நொடி தயங்கியது. செம்பி திரும்பி, நிதானமாக உள்ளே நடந்தாள். காரி தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனது. சுபத்ரா வெளியே வந்து படலை இழுத்துச் சாத்தினாள். சிரிப்பு வந்தது.

டீச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். படலுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எவனோ வளர்த்த முரட்டு மாடு யார் காட்டுல நிக்குது?"

"கிண்டல் வேண்டாம் டீச்சர்."

"மாடு மிரண்டா என்ன பண்ணச் சொல்லிக்கொடுத்தேன்?"

"படலைச் சாத்தச் சொன்னீங்க."

"நீ?"

"திறந்தேன். சாத்தியிருந்தா நேரே சந்தைக்குத்தான் போயிருக்கும். உங்களைக் கேட்கலாம்னா நீங்க அங்க ஹோ ஹோன்னு நின்னுட்டு இருந்தீங்க."

டீச்சர் புழுதியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பரிசு விழுந்தவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

"எனக்கு இது தோணவே இல்லை அம்முணி," என்றார். "தோணவே இல்லை."

சுபத்ராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் புல்விதை தூவினியே, எதுக்குத் தூவினே?" என்று கேட்டார் டீச்சர்.

"நீங்க தூவினீங்களே. வேலிக்கு மேல பார்த்தேன். அள்ளி அள்ளி வீசினீங்க."

"மூட்டையில எறும்பு ஏறிருச்சு. வெயில்ல உதறிப் போட்டேன். சாயங்காலம் கூட்டி அள்ளிட்டேன்."

சுபத்ரா தூவியதைப் பார்த்து அடுத்த காட்டுக்காரர் தூவினார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். ஒரு வாரத்தில் ஊரில் இருந்த விதை மொத்தமும் மண்ணில் விழுந்தது. மழைதான் விழவில்லை. காடைகள் தின்று கொழுத்தன.

"எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே நீங்க."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம், வானத்தையாச்சும் ஒருதரம் அண்ணாந்து பார்த்திருக்கலாம்."

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி டிரான்ஸ்பர் கேட்டு எழுதிப் போட்டேன். ஆர்டர் வந்துருச்சு. ராமநாதபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். கிளுவையும் கிடையாது, இந்த மாடும் கிடையாது. அந்த மண்ணைக் கையில எடுத்தா என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாது." அவர் அதைத் திருவிழாவுக்குக் கிளம்புகிறவர் போலச் சொன்னார்.

சுபத்ரா எழுந்துவிட்டாள்.

"யார் என்ன சொன்னாங்க உங்களை? ஹெட்மாஸ்டரா? சொல்லுங்க, இப்பவே போய்..."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. நானா கேட்டு வாங்கினது."

"இங்க மாடெல்லாம்?"

"என் தம்பி பார்த்துக்குவான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் சொல்லிக்கொடுக்கணும்."

"எனக்கே தெரியாது. துரையும் போறான், நீங்களும் போறீங்க. என் வீட்டுக்காரர் நாளைக்கே புரோக்கரோட வருவார். அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? இங்க என்ன கெட்டுப்போச்சு?"

டீச்சர் எழுந்து நடந்தார். அவள் ஒற்றைச் செருப்போடு பின்னால் போனாள்.

மண்மேட்டில் நல்லமுத்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். துரை யாரும் இழுக்காமல், கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி வண்டியில் ஏறினான். டீச்சர் அவன் திமிலை ஒருமுறை தடவிவிட்டுப் பின்கதவைச் சாத்தினார்.

"துரை கெட்டுப்போயிட்டான்னா அனுப்புறோம்?" என்றார்.

வண்டி கிளம்பியது. புழுதி அடங்கியது. சுபத்ராவின் காட்டுப் பக்கமிருந்து செம்பியின் குரல் கேட்டது. அதற்கு மேலே இன்னொரு புதுக்குரல்.

"சரி, போங்க," என்றாள் கடைசியில். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இந்தக் காரியை நான் எப்ப மாத்தணும்?"

டீச்சர் அறுந்த கயிற்றை மண்ணிலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்து, அதை அவள் கையில் வைத்தார்.

"அதையாவது சொல்லுங்க டீச்சர்."