கருகாத கைப்பிடி

“எதைப் போட்டா கைப்பிடி கருகாதுங்க, அம்மிணி?”

கிட்டுசாமி வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

மேகலை நிமிரவில்லை. ஏதோ ஒரு கறுப்புத் துண்டை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்ணா.”

“உக்கார நேரமில்லைங்க.”

“அப்ப நின்னுட்டே இருங்க.”

அவர் உட்கார்ந்தார்.

குரு என்றால் தாடி, சீடன் என்றால் பால்வடியும் முகம் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையில் ஏமாந்துபோவார்கள். இங்கே நரைத்த மீசை சீடருக்குத்தான். குரு அவரைவிட இருபது வயது சின்னவள். கோவைக்கு வெளியே, தொழிற்பேட்டையின் கடைசியில், பிளாஸ்டிக்கைச் சோதித்துச் சொல்லும் ஒற்றை அறை அவளுடையது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால் பலபேர் இரண்டாம் முறை வருவதில்லை. கிட்டுசாமி மட்டும் விடாமல் வருவார். புலம்பிக்கொண்டே வருவார்.

அவர் குக்கருக்குக் கைப்பிடி செய்கிறவர். பிசின் தூளோடு மரத்தூளைக் கலந்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால், கறுப்பாகப் பளபளவென்று கைப்பிடி வந்து விழும். பேக்கலைட் என்பார்கள். பல வருடமாக அதையேதான் செய்கிறார். யாரும் குறை சொன்னதில்லை.

போன மாதம் ஒருத்தி சொன்னாள். அதுவும் சொந்தத் தங்கை.

துளசிமணி ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறாள். பெரிய அடுப்பு, பெரிய தீ. அண்ணன் செய்த கைப்பிடி அந்தத் தீயில் நாள்பட்டுக் கருகி, பருப்பு வெந்த குக்கரை இறக்கும்போது அவள் கையோடு பிய்ந்து வந்துவிட்டது. இரண்டு நாளாகவே தீய்ந்த வாடை வந்ததால் அவள் ஜாக்கிரதையாகத்தான் பிடித்திருந்தாள். குக்கர் மேடையிலேயே சாய்ந்தது. மணிக்கட்டில் ஒரு கொப்புளத்தோடு போயிற்று.

“உங்க கைப்பிடிதானுங்ணா,” என்று சிரித்துக்கொண்டே காட்டினாள்.

திட்டியிருந்தால் கிட்டுசாமிக்கு மனசு ஆறியிருக்கும். அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மேகலை கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். இடுக்கியில் இரண்டு துண்டுகளை எடுத்துத் தீயில் காட்டினாள்.

ஒன்று புகைந்தது. ஓரம் சிவந்தது. பிறகு உதிர்ந்தது.

இன்னொன்று சும்மா இருந்தது.

“முதல்ல கருகுனது என்னுதுங்களா?”

“உங்களுதுதான். மரத்தூள் போட்டது.”

“மரம் தீயில எரியாம பின்ன என்ன பண்ணும்.” கிட்டுசாமி தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். “அந்த இன்னொண்ணுல என்னங்க இருக்குது?”

மேகலை ஒரு டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மெல்லிய ஏடு ஏடாக மினுங்கியது.

“அட, காக்காப்பொன்னு. சின்ன வயசுல காட்டுல பொறுக்கி விளையாடுவோமுங்க.”

“அதேதான், மைக்கா. அரைச்சு வெச்சிருக்கேன்.”

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மிணி. நான் வர்றேனுங்க.”

“இருங்ணா. அப்ப மரத்தூளை எதுக்குப் போட்டாங்க?”

“எதுக்குன்னா? பிசின் குறைச்சலாச் செலவாகட்டும்னுதான். பேரே நிரப்பின்னுதானே சொல்றீங்க. இடத்தை அடைக்கிற சாமான்.”

மேகலை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றினாள். விளிம்பு வரைக்கும். அவர் முன்னால் நகர்த்தினாள்.

“இதை நிரப்புங்க.”

கிட்டுசாமி டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நிறைஞ்சுதானுங்களே இருக்குது.”

“ம்.”

அதில் என்ன சேதி என்று அவர் யோசிக்கவில்லை. தாகமாக இருந்தது. எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுப் போய்விட்டார்.

•

அடுத்த வாரம் கோபமாக வந்தார்.

“கைப்பிடி அச்சுல இருந்து முழுசா வரமாட்டேங்குதுங்க. ஓரமெல்லாம் மாவாட்டம் கொட்டுது.”

“காக்காப்பொன்னு எவ்வளவு போட்டீங்க?”

“கொஞ்சம் போட்டதுக்கே கருகல. நிறையப் போட்டா இன்னும் நல்லா இருக்கும்னு நிறையப் போட்டனுங்க.”

மேகலை சாப்பிட உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தட்டை எடுத்துவைத்து அவருக்கும் சோறு போட்டாள். மேலே பருப்புப் பொடியை ஒரு குவியல் கொட்டினாள். நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

“சாப்பிடுங்ணா.”

கிட்டுசாமி மரியாதைக்காரர். பிசைந்து ஒரு வாய் போட்டார். அடுத்த நொடி புரைக்கேறியது. கண்ணில் தண்ணீர் வழிய இருமினார்.

மேகலை அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள்.

அவர் மறுபடி பிசைந்தார். சோற்றை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒவ்வொரு பொடி மேலயும் எண்ணெய் படோணும்.”

“ம்.”

“பிசினும் அப்படித்தானுங்களா? பொடி அதிகமாயிருச்சுன்னா, எட்டாத பொடியெல்லாம் சும்மா உள்ள கிடக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்ணா. பொடி நல்லா இருக்குதா?”

“நல்லா இருக்குதுங்க,” என்றார் கிட்டுசாமி. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

•

பிறகு வந்தபோது அவர் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

கையில் ஒரு கைப்பிடி. அவரே அடுப்பைப் பற்றவைத்தார். அவரே தீயில் காட்டினார். நெடுநேரம் காட்டினார். கருகவில்லை. புகையவில்லை. துணியால் துடைத்தால் இப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த மாதிரி மினுங்கியது.

“எப்படிங்க?”

“நல்லா இருக்குதுங்ணா.”

மேகலையிடமிருந்து இவ்வளவு சுலபமாக இந்த வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“காலையிலதான் துளசி விடுதிக்குப் போயி, எல்லாக் குக்கருக்கும் நானே மாட்டிட்டு வந்தனுங்க. இனி அவளுக்கு ஒரு பயமும் இல்லை.”

மேகலை கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணையாச்சும் உடைச்சுப் பாத்தீங்களா?”

“உடைக்கவா? நான் செய்யறவனுங்க அம்மிணி.”

அவள் மேசை ஓரத்தில் திருகியிருந்த பட்டறை இடுக்கியில் முதலில் அவருடைய பழைய கைப்பிடியை மாட்டினாள். மரத்தூள் போட்டது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது, மேலே ஒரு கீறல் ஓடியது. அதற்கப்புறமும் இரண்டு அடி வாங்கிக்கொண்டுதான் உடைந்தது.

பிறகு புதியதை மாட்டினாள்.

முதல் தட்டிலேயே இரண்டாகப் போய்விட்டது. கீறல் இல்லை, முனகல் இல்லை. பாதி இடுக்கியில் நின்றது. பாதி மேசைக்கு அடியில் கிடந்தது.

கிட்டுசாமி குனிந்து அதைத் தேடி எடுத்தார்.

மேகலை மூன்றாவதாக ஒரு துண்டை மாட்டினாள். அது அவர் செய்ததல்ல. தட்டியதும் அதுவும் உடைந்தது. ஆனால் ஒரு பாதி மற்றதை விட்டுப் பிரியாமல் தொங்கியது.

“இது என்ன, உடைஞ்சும் விடமாட்டேங்குது?”

“பாருங்க.” பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

கிட்டுசாமி பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. உடைந்த வாய்க்குள் வெள்ளையாக இழை இழையாக நீட்டிக்கொண்டிருந்தது. சில இழைகள் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்கு இன்னும் பிடித்துக்கொண்டு நின்றன.

“நூலுங்க இது. பருத்தி.”

“நம்மூரு மில் கழிவுதான். சின்னதா வெட்டிப் போட்டது.”

அவர் தன் புதிய கைப்பிடியின் உடைந்த வாயைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஏடுகள் மட்டும் மினுங்கின. ஒன்றும் எதையும் பிடித்திருக்கவில்லை. பழையதைப் பார்த்தார். சிம்பு சிம்பாக, கிழித்த கரும்பு மாதிரி இருந்தது.

வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். வந்த வேலை, போகவேண்டிய நேரம் எல்லாம் மறந்துபோயிற்று. இத்தனை வருடம் செய்த பொருளின் உள்பக்கத்தை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“மரத்தூளும் ஒரு நாருதானுங்களே அம்மிணி.”

“ம்.”

“அது இடத்தை அடைக்கல. இழுத்துப் பிடிச்சுட்டு இருந்திருக்குது. நான்தான் தூக்கி எறிஞ்சுட்டேன்.”

கையிலிருந்த துண்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

“காக்காப்பொன்னும் பஞ்சும் சேத்துப் போட்டா?”

“போட்டுப் பாருங்க.”

“எது எவ்வளவுங்க?”

“எனக்கு எப்படிங்ணா தெரியும்? உங்க அடுப்பு, உங்க அச்சு.”

“சரிங்க, அடுத்த தடவை அப்படியே பண்ணிப்போடலாம்.” உற்சாகமாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். “போன தடவை கருகுனது. இந்தத் தடவை கருகல. அடுத்த தடவை உடையாது.”

“இந்தத் தடவை மாட்டுனது?”

“அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க. துளசி என்ன, குக்கரைச் சுத்தியல்ல அடிச்சா சமைக்கப்போறா?”

மேகலை எழுந்தாள். மூலையிலிருந்த பெரிய குக்கரில் தண்ணீரை நிரப்பி அடுப்பில் வைத்தாள். கிட்டுசாமியின் பையிலிருந்து இன்னொரு புதிய கைப்பிடியை எடுத்து, திருகாணியால் இறுக்கி மாட்டினாள். மூடி போடவில்லை.

பெரிய குக்கர், நேரம் பிடித்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

அவள் அடுப்பை அணைத்தாள்.

“இறக்கி அந்த மேடையில வெய்யிங்ணா. சமையக்கட்டுல வெக்கற மாதிரி, ணங்குன்னு.”

கிட்டுசாமி எழுந்து கைப்பிடியைப் பிடித்தார். பிடி சுடவே இல்லை. இவ்வளவு நேரம் தீயில் இருந்தும் சுடவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது.

தூக்கப் போனவர் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்து நின்றார்.

“ஒரு நிமிசமுங்க.”

கையை எடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். அங்கே கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, அடுப்பு முன்னால் நின்றார்.

மேகலை அவர் காலைப் பார்த்தாள்.

“துளசியக்கா சமையக்கட்டுல செருப்புப் போடுவாங்களாங்ணா?”

கிட்டுசாமி குனிந்து தன் காலைப் பார்த்தார்.

அடுப்பு இருக்கும் இடத்துக்குச் செருப்போடு போன பெண்ணை அவர் வீட்டில் யாரும் கண்டதில்லை. விடுதியிலும் துளசிமணி வாசற்படியிலேயே கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். காலையில் அவர் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தபோதும் பக்கத்தில் வெறுங்காலோடுதான் நின்றுகொண்டிருந்தாள்.

அவசரமாகப் போனை எடுத்தார். துளசிமணியின் எண்ணைத் தேடி அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

“சொல்லுங்ணா.”

“துளசி, குக்கரெல்லாம் எங்க இருக்குது?”

“அடுப்புலதான் இருக்குது. இப்ப இறக்கோணும். புள்ளைங்க சாப்பிட வந்துருவாங்க.”

“இறக்காத சாமி. அடுப்ப அமத்திப்போட்டு அக்கட்டால தள்ளி வந்துரு. நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாத.”

“ஏனுங்ணா, இதுவும் கருகிப்போயிருமா?”

“கருகாது சாமி,” என்றார் கிட்டுசாமி. “கருகுனாத்தான் வாடை வந்து உனக்கே தெரிஞ்சுருமே.”