வாயில் பறி

முதலில் ஆட்காட்டிக் குருவியின் கூச்சல்தான் கேட்டது.

அப்புறம்தான் சேற்றுத்திட்டிலிருந்து உள்ளான் குருவிக் கூட்டம் மொத்தமாக எழும்பியது.

உமரிப் புதருக்குப் பின்னாலிருந்து தேவநாதன் எழுந்து நின்றார். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், முழங்கை வரை சேறு.

“இன்னா சார், இன்னிக்கும் போய்ட்சா?”

பூங்காவனம் கேட்டாள். கழிமுகத்தில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவள். அவரைவிட இருபது வயது சின்னவள். இறாலைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை. பேசுவதற்காக அதைக் கையில் எடுத்திருந்தாள்.

“உன்னைச் சுத்தி மட்டும் கூட்டமா மேயுது. என்னைக் கண்டா ஓடுது. சொல்லிக்கொடும்மா.”

“உனக்கு எதுக்கு சார் அது?”

அவர் முழங்கைச் சேற்றை வழித்துவிட்டார்.

“நாலு வருஷம் முந்தி இங்க ஒரு உள்ளானுக்குக் கால்ல அடையாளப் பட்டை மாட்டினேன். கை நடுங்கிடுச்சு. கால் மளுக்குன்னு ஒடிஞ்சுது. அப்படியே பறந்து போயிடுச்சு. ஆரஞ்சுப் பட்டை. இருக்கா, செத்துப்போச்சான்னு தெரியணும். ரெண்டு நாள்ல எல்லாம் வடக்கே கிளம்பிடும்.”

“எப்படிக் கிட்டப் போற?”

“குனிஞ்சு, ஒளிஞ்சு, சத்தமே இல்லாம.”

“நரி அப்படித்தான் சார் வரும்.”

இடுப்பில் செருகியிருந்த இன்னொரு பறியை உருவி நீட்டினாள்.

“தொப்பியக் கழட்டு. அந்தக் கண்ணாடியக் கரையில வையி. இதக் கடி.”

“கடிச்சா பேச முடியாதே?”

“அதான்.”

“எங்க பார்க்கணும்?”

“எங்கயும் வேணாம். இறாலு கைக்குத்தான் தெரியும்.”

தண்ணீரில் குத்தவைத்து உட்கார்ந்தார். முதல் தடவை வெறும் சேறு. இரண்டாம் தடவை நண்டு கவ்வியது. அலறல் பறிக்குள்ளேயே அடங்கியது. பூங்காவனத்தின் தோள் குலுங்கியது.

வெகுநேரம் கழித்து விரலிடுக்கில் ஒன்று துள்ளியது. பறியில் போட்டார். உடனே அடுத்ததைத் தடவினார்.

வெயில் சாய்ந்திருந்தது.

இரண்டு முழத் தூரத்தில் மெல்லிய பறவைக் கால்கள். பக்கத்தில் இன்னும் சில. பின்னால் ஒன்று விந்தி விந்தி வந்தது.

ஆரஞ்சுப் பட்டை. அதற்குக் கீழே கால் கோணலாக ஒட்டி ஆறியிருந்தது.

சேற்றில் அலகைச் செருகியது. ஒரு புழுவை இழுத்து விழுங்கியது. தூரம் போகிற பறவைக்குரிய கொழுப்பு நெஞ்சில் திரண்டிருந்தது.

தேவநாதனுக்கு அதனிடம் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. நாலு வருஷத்து வார்த்தை. வாயைத் திறந்தால் பறி விழும். பறி விழுந்தால் கூட்டம் எழும்பும்.

பூங்காவனத்தைப் பார்த்தார். அவள் வாயிலும் பறி.

முகவாயால் சேற்றைக் காட்டினாள்.

அவர் மறுபடி கையை உள்ளே விட்டார்.