கடைசி வரிசைச் சிரிப்பு

“இனிமே நான் மேடை ஏற மாட்டேன், டீச்சர்” என்றார் பேச்சிமுத்து.

ஒட்டியிருந்த வெள்ளைத்தாடி பாதி பிய்ந்து கன்னத்தில் தொங்கியது. அதைப் பிடுங்கி எறியக்கூடத் தோன்றாமல் நின்றார்.

ஜெனிட்டா விளக்கு ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஜெனிட்டாவுக்கு முப்பத்து மூன்று. தெருவில் பார்த்தால் அண்ணன் தங்கை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் நாடகம் நடக்கும் உப்புக் கிடங்குக்குள் கால் வைத்துவிட்டால் தங்கைதான் ஆசிரியர், அண்ணன் மாணவர்.

கிடங்கில் இப்போது உப்பு இல்லை. அந்தப் பகுதி ஆட்களே கூடிப் பெருக்கி, வெள்ளையடித்து, ஒரு பக்கம் மேடை போட்டிருந்தார்கள். சனிக்கிழமை பறையும் ஒயிலாட்டமும். ஞாயிறு நாலு மணிக்கு நாடகம். கதவு திறந்தே கிடக்கும். யாரும் வந்து உட்காரலாம்.

அன்றைய நாடகத்தில் கடலுக்குப் போன மகன் பிணமாய்க் கரைக்கு வருகிறான். தகப்பன் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் வேலைகளை அவனிடம் சொல்கிறான். வலையைப் பிரிக்கணும், ரேஷனுக்குப் போகணும், அக்கா வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கணும். நாடகத்தின் உயிரே அந்த இடந்தான்.

அதற்காக மூன்று மாதம் உழைத்திருந்தார் பேச்சிமுத்து. கிரேன் கூண்டில் ஒற்றையாய் உட்கார்ந்து அந்த வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

கிடங்கே மூச்சடக்கிக் கேட்ட அந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள்.

சின்னச் சிரிப்பு இல்லை. வாய்விட்டு, கலகலவென்று.

பேச்சிமுத்துவுக்கு வசனம் அறுந்துபோயிற்று. பிணமாய்க் கிடந்தவனை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரையை இழுத்து மூட வேண்டியதாயிற்று.

“சாவு வீட்டுல சிரிக்கிற சனத்துக்கு நான் எதுக்கு நடிக்கணும்?”

“யாரு சிரிச்சா?” என்று கேட்டார் ஜெனிட்டா.

“தெரியாது.”

“ஆணா, பொண்ணா?”

“அது எனக்கு எதுக்கு?”

மூலையில் பனையோலை விசிறிகள் கட்டாகக் கிடந்தன. கிடங்கில் மின்விசிறி கிடையாது. வருகிறவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு விசிறி கொடுத்து, போகும்போது திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம்.

ஜெனிட்டா அந்தக் கட்டைத் தூக்கி அவர் கையில் வைத்தார்.

“அடுத்த வாரத்துலேர்ந்து வாசல்ல நில்லுங்க அண்ணாச்சி. யாருன்னு தெரிஞ்சதும் வந்து சொல்லுங்க.”

அவ்வளவுதான் பதில்.

மறு ஞாயிறு தகப்பன் வேஷத்தை ஆன்றோ கட்டினார். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். குரல் கணீரென்று இருக்கும். பேச்சிமுத்து வாசலில் நின்று விசிறி கொடுத்தார். தாடி இல்லாத அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுவும் ஒரு வலியாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு முகத்தையும் களவு கொடுத்தவனைப் போல உற்றுப் பார்த்தார். இவனாய் இருக்குமோ, இந்தப் பல்லைக் காட்டுகிறவளாய் இருக்குமோ என்று மனசு கணக்குப் போட்டது.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆன்றோவுக்குக் கிடைத்த கைதட்டலை வாசலில் நின்றே கேட்டார்.

அதற்கடுத்த ஞாயிறும் நின்றார். உப்பளத்து வேலை முடிந்து காலில் வெள்ளை பூத்தபடியே வருகிற பெண்களைப் பார்த்தார். முதல் காட்சி முடிந்து பத்து நிமிடம் கழித்தே எப்போதும் வருகிற ஒரு கிழவரைப் பார்த்தார். படுக்கையில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறாராம். இரண்டு விசிறி வாங்கி ஒன்றைப் பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்துக்கொள்வார். ஏன் என்று பேச்சிமுத்து கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு அந்த இடம் வந்தது. ஆன்றோ, “வலையைப் பிரிக்கணும்யா” என்று தொடங்கினார்.

கடைசி வரிசையின் கடைசி நாற்காலியிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அடைத்தும் அடங்காமல் உடம்பு குலுங்கியது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி உஷ் உஷ் என்றார்கள். ஆன்றோ குரலை உயர்த்திச் சமாளித்தார். அம்மாள் எழுந்து, யார் காலையும் மிதித்துவிடாமல், கதவைத் தேடி வந்தாள்.

விசிறியைத் திரும்ப நீட்டினாள்.

கேட்க வேண்டியதை மூன்று வாரமாய் நாக்கு நுனியில் வைத்திருந்தார் பேச்சிமுத்து. கேட்க முடியவில்லை. உட்காருங்க என்று தன் முக்காலியைத் தள்ளினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அவளே பேசினாள். பெயர் தங்கபுஷ்பம். ஒரே பையன். பதினோரு வருஷத்துக்கு முன்பு பைக்கில் போனவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழ, இவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. நாத்தனார் ஓங்கி அறைந்தாள். அப்போதும் நிற்கவில்லை.

“அன்னையிலேர்ந்து துட்டி கேக்க ஒரு சாவு வீட்டுக்கும் என்னைக் கூப்பிட மாட்டாவ. வந்து சிரிச்சுருவேன்னு பயம். நல்லது பொல்லாததுக்குப் போயி வருசம் பதினொண்ணு ஆச்சு” என்றாள். “இங்கதான் யாரும் கூப்பிடாமலே உள்ள வரலாம்.”

பேச்சிமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த விசிறியின் ஓலையை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“முதல் நாள் நடிச்சாரே வெள்ளைத்தாடிக்காரர், அவர் வரதில்லையா? என்னாலதான் போயிட்டாரோன்னு உறுத்திக்கிட்டே இருக்கு.”

“இவரும் நல்லாத்தானே நடிக்காரு?” என்றார் பேச்சிமுத்து.

“நல்லாத்தான் நடிக்காரு. ஆனா அவர், பேசிக்கிட்டே பிள்ளைக்குச் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டார். இவர் மாட்டலை.”

மீதித் தண்ணீரைக் குடித்தாள்.

“எம்பிள்ளைக்கும் பொத்தான் திறந்துதான் கிடந்துச்சு. நான் மாட்டிவிடலை. சிரிச்சுக்கிட்டே நின்னேன்.”

உள்ளே கைதட்டல் எழுந்தது. தங்கபுஷ்பம் எழுந்து, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகு பேச்சிமுத்து ஜெனிட்டாவிடம் வந்தார். யார் சிரித்தது என்று சொன்னார். அவள் சொன்னதையெல்லாம் சொன்னார்.

ஜெனிட்டா ஒப்பனைப் பெட்டியைத் திறந்து வெள்ளைத்தாடியை எடுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினார்.

“ஒத்திகையில எப்பவாச்சும் நான் பொத்தான் மாட்டினேனா டீச்சர்?”

“இல்லை.”

“அன்னைக்கு மாட்டினேனா?”

“மாட்டினீங்க.”

“எனக்கு நினைப்பே இல்லை” என்றார் பேச்சிமுத்து. “இப்ப தெரிஞ்சுபோச்சு. இனிமே மாட்டினா அது அவுகளுக்காகச் செய்யுத நடிப்பு. மாட்டாட்டா, அவுக அவ்வளவு தூரம் வாரது வீணு. ரெண்டுல எதைச் செய்ய?”

அன்று இரவெல்லாம் யோசித்தாலும் தீராத கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஜெனிட்டா தாடியின் கடைசிச் சிக்கை எடுத்து முடித்தார்.

“பொத்தான் திறந்து கிடந்தா மாட்டிவிடுங்க அண்ணாச்சி.”

நாலாவது ஞாயிறு பேச்சிமுத்து மேடை ஏறினார்.

வாசலில் விசிறி கொடுத்தவர் ஆன்றோ. தங்கபுஷ்பம் வந்தாளா இல்லையா என்று பேச்சிமுத்து யாரிடமும் விசாரிக்கவில்லை. திரை ஓரமாய் எட்டிப் பார்க்கவும் இல்லை.

மகனைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்தார். வலையைப் பற்றிச் சொன்னார். ரேஷனைப் பற்றிச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் பட்டது: நெஞ்சுக்குக் கீழே ஒரு பொத்தான் திறந்திருந்தது. காற்றில் சட்டை விலகி வயிறு தெரிந்தது.

பிள்ளைக்குக் குளிருமே என்று இருந்தது.

மாட்டப் போனார். கிரேனில் முப்பது டன் பெட்டியை விரலசைவில் இறக்கி வைக்கிற கை அது. ஒரு சின்னப் பொத்தான் துளைக்குள் போகமாட்டேன் என்றது. ஒரு தடவை வழுக்கியது. இன்னொரு தடவையும் வழுக்கியது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். யாரோ உஷ் என்றார்கள்.

பேச்சிமுத்து வசனத்தை நிறுத்தினார். அவசரப்படவில்லை. பொத்தான் மேல் விரலை வைத்தபடியே, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அது முடியட்டும் என்று இருந்தார். வீட்டில் இன்னொரு ஆள் பேசும்போது நாம் பொறுத்திருப்போமே, அப்படி.

உஷ் என்றவர்கள் அடங்கினார்கள். கிடங்கு முழுவதும் ஒரு விசிறிகூட ஆடவில்லை.

சத்தம் எழுந்து, உடைந்து, இழுத்து, மெல்ல அடங்கியது.

அதற்குப் பிறகு அவர் பொத்தானை மாட்டினார்.

“அக்கா வீட்டுக்கு மீன் கொண்டு போகணும்யா” என்றார்.

நாடகம் முடிந்ததும் தாடியைக்கூடக் கழற்றாமல் விளக்கு மேசைக்கு ஓடி வந்தார். ஜெனிட்டா ஒயரைச் சுற்றத் தொடங்கியிருந்தார்.

“டீச்சர், அவுக சிரிச்சாவளா, அழுதாவளா? மேடையிலேர்ந்து கேட்டா ஒண்ணும் விளங்கலை.”

ஜெனிட்டா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க சிரிச்சீங்களா, அழுதீங்களா?”

பேச்சிமுத்து கையை உயர்த்தித் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.