சென்செய்க்குத் தெரியாத சொல்

ஒரகடத்துக்கு அருகே ஒரு மருத்துவமனையில் தணிகாசலம் நர்ஸாக வேலை பார்த்தார். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் இருக்கும் ஜப்பானியர்கள் காய்ச்சல், கைக்காயம் என்றால் அங்கேதான் வருவார்கள். அவர்களோடு பேச வேண்டும் என்று நாற்பத்தைந்தாவது வயதில் தாமாகவே ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தார். மொழித் தேர்வில் மொத்தம் ஐந்து படிகள். மூன்றைத் தாண்டினார். அதோடு வண்டி நின்றுவிட்டது.

ஒரு வருடமாக அசையவில்லை. பழகிய பேச்சு புரிந்தது. அதிலிருந்து கொஞ்சம் விலகினால் ஒன்றும் பிடிபடவில்லை. குறை புத்தகத்தில்தான் இருக்கிறது என்று நினைத்தார். இலக்கணத்துக்கு நான்கு வாங்கினார், சித்திர எழுத்துக்கு மூன்று. போதாததற்குப் போனில் ஆறு செயலிகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களையெல்லாம் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பவளக்கொடியிடம் போனார். தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைக்கும் அவர்தான் மொழிபெயர்ப்பாளர். தணிகாசலத்தைவிடப் பத்து வயது சிறியவர். ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஜப்பானிய மொழி படிக்கிற எல்லோருக்கும் அவர் 'சென்செய்', அதாவது ஆசிரியர்.

"இதுல எதை வச்சுக்கலாம், எதை விடலாம், சென்செய்?"

பவளக்கொடி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் நல்ல புத்தகம்தான். உங்களுக்கு என்ன வேணும்?"

"எதைப் படிச்சா யார் முன்னாடியும் தெரியாம முழிக்க வேண்டாமோ, அது வேணும்."

"அப்படி ஒண்ணு கிடைச்சா எனக்கும் சொல்லுங்க."

கேலியா, நிஜமா என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை நகாவோ அம்மாளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். எழுபத்தாறு வயது. மகனோடு சில மாதம் தங்க வந்தவர். மகன் வேலையாகப் புனே போயிருந்ததால் கார் ஓட்டுநர்தான் கூட வந்திருந்தார். அந்த அம்மாள் வயிற்றில் கை வைத்தபடி, யாருக்கும் தொந்தரவு கொடுத்துவிடக் கூடாது என்பதுபோலச் சிரித்துக்கொண்டே ஒரே சொல்லைச் சொன்னார்.

"நிகரு."

வலியைச் சொல்லத் தணிகாசலத்துக்கு ஏழெட்டுச் சொற்கள் தெரியும். இது அதில் இல்லை. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் டாக்டர் நின்றார். தணிகாசலம் அண்ணன் ஜப்பான்காரர்களோடு சரளமாகப் பேசுவார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் இரண்டு நர்ஸுகளும் நின்றார்கள். போனை எடுத்து அகராதியில் தேடினார். கசப்பு, முகச்சுளிப்பு என்று வந்தது.

"வாயில கசப்பா இருக்காம், டாக்டர்."

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அம்மாளின் சிரிப்பு மாறவே இல்லை. அசிடிட்டிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஒரு மணி நேரத்தில் அம்மாளின் நெற்றி வியர்த்துவிட்டது. வாயில் அதே சொல். தணிகாசலம் சென்செய்க்குப் போன் போட்டார்.

பக்கத்துத் தொழிற்சாலையில் இருந்த பவளக்கொடி கால் மணி நேரத்தில் வந்தார். டாக்டரும் வந்து நின்றார். அம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பவளக்கொடி நிமிர்ந்தார்.

"எனக்கு இந்த வார்த்தை தெரியல, டாக்டர்."

தணிகாசலம் தரையைப் பார்த்தார். பதினைந்து வருடமாக அந்த மொழியிலேயே சோறு சாப்பிடுகிறவர், வார்டு முழுக்கக் கேட்கும்படி அப்படிச் சொன்னார்.

பிறகு பவளக்கொடி கட்டிலருகே முட்டி போட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேர் முகமாக, மெதுவாக, ஜப்பானிய மொழியில் கேட்டார். தணிகாசலத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "அம்மா, இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. எனக்குச் சொல்லித் தருவீர்களா?"

அம்மாளின் சிரிப்பு மறைந்தது. அதுவரை எங்கேயோ ஒளிந்திருந்த வலி முகத்துக்கு வந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் நிறையப் பேசினார். பவளக்கொடியின் மணிக்கட்டைப் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக் காட்டினார். கொஞ்சம் தளர்த்தினார். மறுபடி முறுக்கினார். அப்புறம் அந்தக் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வலப்பக்கமாக வைத்துக்கொண்டார்.

"அவங்க ஊர்ப் பேச்சாம், டாக்டர். ஹிரோஷிமா பக்கம் மலைக் கிராமம். உள்ளுக்குள்ள முறுக்கி முறுக்கி வலிக்குது. நேத்து மத்தியானத்துலேர்ந்து. முதல்ல தொப்புள்கிட்ட இருந்துச்சு, இப்போ இங்க வந்துடுச்சு. ரெண்டு தடவை வாந்தி."

டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. மத்தியானமே ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் அம்மாள் கஞ்சி குடித்தார்.

அவரைப் பார்க்க வந்திருந்த பவளக்கொடி, கேன்டீனில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தணிகாசலம் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு, சென்செய். தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டேன். டாக்டர்கிட்டயும் ஒத்துக்கிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணாதீங்கன்னார்."

பவளக்கொடி தலையாட்டினார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா, சென்செய்?"

"இருந்துச்சு."

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். 'நிகரு' என்று இருந்தது. எதிரே 'நகாவோ அம்மா'. அதற்கு மேலே, மரை தேய்ந்து சும்மா சுற்றும் திருகாணியை 'முட்டாளாகிவிட்டது' என்று சொல்வார்கள் என்று ஒரு குறிப்பு. எதிரே ஒரு மெக்கானிக்கின் பெயர். ஆடும் பல்லுக்கு ஒரு சொல். எதிரே ஒரு சின்னப் பெண்ணின் பெயர். தணிகாசலம் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பெயர் இல்லாத சொல் ஒன்றுகூட இல்லை.

"இந்த மாதிரி எத்தனை நோட்டு இருக்கு?"

"இது பதினேழாவது."

தணிகாசலம் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்படி ஒன்றை அவர் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

"நான் தேடினது இதுதான், சென்செய். பதினேழையும் ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோங்க," என்றார் பவளக்கொடி. "ஆனா இதுல இருக்கிறவங்க எல்லாரும் என்கிட்ட பேசினவங்க. நாளைக்கு உங்க வார்டுக்கு வர்றவங்க இதுல இல்ல."