ஏரிக்கு வந்த நீர்நாய்

ஒரு பெரிய ஏரிக்கரையில், மருத மரத்து வேருக்கு அடியில் அலரி என்ற பெண் நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வசித்தது. அது பிறந்தது தூரத்து மலையாற்றில். கல்யாணமாகி இங்கே வந்தது.

வந்த அன்றே அதன் ஆண் நீர்நாய் சொல்லிவிட்டது: “உன் பேச்சு ஆற்றுப் பேச்சு. வாயைத் திறந்தால் ஏரியே சிரிக்கும்! எல்லாரிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.”

அலரியும் அதை நம்பி யாரோடும் பேசாமல் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஆண் நீர்நாய் வேறொரு துணையோடு வாய்க்கால் வழியே போய்விட்டது. திரும்பவே இல்லை.

விஷயம் நரியின் காதுக்கு எட்டியது. மறுநாளே வளை வாசலில் வந்து நின்றது.

“ஐயோ பாவம்! துணை இல்லாத வெளியூர்க்காரி இங்கே தங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே! நாரைத் தலைவருக்குத் தெரிந்தால் விரட்டிவிடுவாரே!”

“குட்டிகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?” என்று அலரி நடுங்கியது.

“அதற்குத்தான் நான் இருக்கிறேனே! அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பிடிப்பதில் பெரிய மீன் எனக்கு. யாரிடமும் மூச்சு விடாதே!”

அலரி ஓடுகிற தண்ணீரில் வேட்டையாடிப் பழகியிருந்தது; ஏரிக்கு வந்த பிறகு மீன் பிடித்ததெல்லாம் ஆண் நீர்நாய்தான். நிற்கிற தண்ணீரில் மீன் எங்கே பதுங்கும் என்று அதற்குத் தெரியவில்லை. கிடைத்த ஒன்றிரண்டிலும் பெரியது நரிக்குப் போனது. குட்டிகள் எலும்பும் தோலுமாயின.

ஒரு நாள் காலை, சின்னக் குட்டி எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடந்தது. அலரி அதை நக்கிக் கொடுத்தது. பிறகு நேரே கோரைப் புல்லுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த நாமக்கோழி என்ற நீர்ப்பறவையிடம் போனது.

“அக்கா... இங்கே மீன் எங்கே இருக்கும்? என் பிள்ளைக்குப் பசி.”

நாமக்கோழி சிரிக்கவில்லை. “அடடா, உனக்குப் பேச்சே வராது என்றல்லவா நினைத்திருந்தோம்! அல்லிக் கொடிக்கு அடியில் பார், விரால் படுத்திருக்கும். ஓடு, முதலில் பிள்ளைக்குக் கொடு!”

விரால் கிடைத்தது. குட்டி தின்று கண் திறந்தது. அன்று மாலையே அலரி சட்டத்தைப் பற்றியும் கேட்டுவிட்டது.

“சட்டமா? எந்தச் சட்டமும் கிடையாதடி! நாரைகளுக்குத் தலைவரே இல்லையே!” என்றது நாமக்கோழி.

மறுநாள் நரி வந்தது. “எங்கே என் மீன்?”

“வா, நாரைகள் முன்னாலேயே கேள்!” என்று அலரி ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தியது. நாரைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நாமக்கோழி சிறகடித்துக்கொண்டு ஓடி வந்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

அதன் பிறகும் சில நாள் அலரி தனியே அழுதது உண்டு. ஆனால் குட்டிகள் கொழுத்தன. நாமக்கோழி இரை தேடப் போனால் முட்டைகளுக்கு அலரிதான் காவல்.

பயந்து வாயை மூடிக்கொண்டால் ஏமாற்றுகிறவனுக்கே கொண்டாட்டம். கூச்சத்தை விட்டுக் கேட்டால், வந்த இடத்திலும் உறவு கிடைக்கும்.